முப்பத்திரண்டு வாசலுக்கும் பொங்கல் வாழ்த்து

எங்கள் தெருவுக்குத் தபால் வராது. வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவும் இல்லை. ஆனாலும் வராது. ஊருக்குள் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. காலனிக்கு வருகிற கடிதம் எதுவானாலும் தபால்காரர் அங்கே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் அதை சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் இருக்கும் பிஸ்கட் டின்னில் போடுவார். எங்கள் ஆட்கள் யாராவது சாமான் வாங்கப் போய், அவருக்கும் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தால், எடுத்துக் கொடுப்பார். என் அம்மா குன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

தபால்காரர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் ஏதாவது காரணம் சொல்வார். ஆரம்பத்தில் பாதை சரியில்லை என்றார். பாதைக்குத் தார் போட்டார்கள். அப்புறம் நாய் துரத்துது என்றார். எங்கள் தெரு நாய்களுக்குக் குரைக்கவே சோம்பல், இதில் துரத்த வேறு போகிறதா? காரணம் என்ன என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

எனக்கு இதில் சொந்தமாக ஒரு கோபம் உண்டு. பன்னிரண்டாவது முடித்த வருஷம் நர்சிங் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வந்தது எனக்குத் தெரியாது. பதினோரு நாள் அந்த பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அம்மா உப்பு வாங்கப் போனபோது, “இந்தா, உம்மவளுக்கு என்னமோ வந்துருக்கு பாரு” என்று எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். வரச்சொன்ன நாள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே” என்று தெருவில் எல்லோரும் எனக்காக வயிறெரிந்தார்கள். அம்மா மட்டும் அந்தக் கடையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, “சரிங்க சாமி” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஆளுக்கு அம்மாவைவிட ஏழெட்டு வயசு குறைவு.

படிப்பு போனதுகூட எனக்கு ஆறிவிட்டது. அந்த “சரிங்க சாமி” மட்டும் ஆறவே இல்லை. என்றைக்காவது ஒருநாள் என் அம்மா பேருக்கு ஒரு தபால் வரணும், அதை அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று தன் கையால் வாங்கணும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு பெரிய ஆசை பாருங்கள். மற்றவர்களுக்கு தினமும் நடக்கிற காரியம்.

நர்சிங் போனதால் பெரம்பலூரில் கேட்டரிங் படித்தேன். திருச்சியில் ஒரு ஓட்டலில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு ஏஜென்ட் மூலமாக உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. ஒன்பது மாத ஒப்பந்தம். ஏரியில்கூட எனக்கு இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் பழக்கம் கிடையாது. “கடல்ல போயி என்னடி பண்ணுவ?” என்று அம்மா கேட்டாள். “முட்டை பொரிப்பேன்” என்றேன். அதுதான் நடந்தது. காலை ஐந்தரை மணிக்கு ஆம்லெட் கவுன்டரில் நின்றேன் என்றால் பத்தரை வரைக்கும் கை ஓயாது.

அங்கே நின்றுகொண்டுதான் முதன்முதலில் அதைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்த வெள்ளைக்காரப் பாட்டிகளும் தாத்தாக்களும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தபால் கார்டு எழுதுவார்கள். முன்பக்கம் துறைமுகத்தின் படம், பின்பக்கம் நாலு வரி. கையில் விலை உயர்ந்த போன் இருக்கும். ஆனாலும் பேனாவால் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கரையில் இறங்கி பெட்டியில் போட்டுவிட்டு வருவார்கள். ஒரு பாட்டியிடம் யாருக்கு என்று கேட்டேன். “என் தங்கைக்கு. கதவுத் துளை வழியாக வீட்டுக்குள் விழும்போது கேட்கிற சத்தம் அவளுக்குப் பிடிக்கும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, கதவும் இருக்கிறது.

அந்த வாரமே பார்சலோனாவில் இறங்கி முதல் கார்டை வாங்கினேன். கப்பல் ஆட்களுக்குத் துறைமுகத்தில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் கார்டு, ஸ்டாம்ப், பெட்டி மூன்றையும் தேடி ஓடுவேன். அம்மா பேர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் கொட்டை எழுத்தில். நேப்பிள்ஸ், மார்செய், மால்ட்டா என்று போகிற இடத்திலிருந்தெல்லாம் போட்டேன். வாரம் ஒருமுறை அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடும்போது, “கார்டு வந்துச்சா?” என்று கேட்பேன். “வரும் வரும்” என்பாள். குரலிலேயே பொய் தெரிந்தது.

ஆறு கார்டு போட்ட பிறகு ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னாள்.

“வந்துச்சுடி. எல்லாம் கடையிலதான் இருக்கு. படம் அழகா இருக்குன்னு அவரு ஒரு நூலு கட்டி வரிசையா தொங்க விட்டுருக்காரு. ஊரே பாக்குது. நீ முட்டை பொரிக்கிறது, உனக்குக் காலு வீங்குனது எல்லாம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க படிச்சிட்டு எங்கிட்ட வந்து சொல்றாங்க.”

“நீ கேட்டு வாங்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். ‘கெடக்கட்டுமே, கடைக்கு லட்சணமா இருக்கு’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சரி, நீ நேரத்துக்குச் சாப்புடுறியா?” என்றாள் அம்மா. என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கப்பல் தளத்தில் நின்று நான் தமிழில் திட்டிய திட்டுக்கு, பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

ஏழாவது கார்டில்தான் நான் ஒரு கோளாறு செய்தேன். ஒரு கிரேக்கத் தீவில் இறங்கியிருந்தோம். மலைச்சரிவு முழுக்க வெள்ளை வீடுகள், எல்லாவற்றிலும் விளக்கு. அந்தப் படத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று கருப்பு ஓரம். அழகாக இருக்கிறதே என்று வாங்கி, “இங்கே நல்ல வெயில். நான் நன்றாக இருக்கிறேன். நேற்று நானூறு முட்டை” என்று எழுதிப் போட்டுவிட்டேன். கருப்பு ஓரம் வைத்த கடுதாசி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று ஆறு மாதக் கடல் காற்றில் எனக்கு மறந்துபோயிருந்தது, பாருங்கள். சாவு செய்தி. அதை வீட்டுக்குள்கூடக் கொண்டுபோக மாட்டோம். வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவோம்.

ஒரு மாதம் கழித்து நான் போன் செய்தபோது, அம்மா எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

“அடிப்பாவி! உனக்குக் கருப்பைத் தவிர வேற கலரே கிடைக்கலியா? ஈரக்குலையே அறுந்து போச்சுடி எனக்கு!”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் புரிந்தது. கருப்பு ஓரத்தைப் பார்த்ததும் கடைக்காரர், “இந்தக் கருமத்தை இங்க வைக்காதய்யா, வியாபாரம் நடக்குற இடம்” என்று தொடவே மறுத்திருக்கிறார். கெட்ட செய்தியைக் கையில் வைத்திருக்கத் தபால்காரருக்கும் பயம். டிவிஎஸ்ஸை விரட்டிக்கொண்டு நேராகக் காலனிக்குள் வந்து, எங்கள் வாசலில் நிறுத்தி, “யம்மா, கருப்புக் கடுதாசி வந்துருக்கு, மனசத் தேத்திக்க” என்று நீட்டியிருக்கிறார். அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சித்திதான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். நானூறு முட்டையில் வந்து முடிந்திருக்கிறது. அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து என்னை வைத வசவை அம்மா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போனை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த மனிதர் வந்திருக்கிறார். பாதை சரியாக இருந்திருக்கிறது. நாய் துரத்தவில்லை. எங்கள் வீடு எது என்று யாரிடமும் கேட்கவில்லை. சாவு என்றால் எங்கள் தெருவுக்கு வழி தெரிகிறது, நல்ல சேதிக்குத்தான் தெரியவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. இருங்கடா, இருங்க என்று சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரம் மறுபடியும் பார்சலோனா. என் ஒப்பந்தத்தில் கடைசித் துறைமுகங்களில் ஒன்று. கடைகளில் கிறிஸ்துமஸ் கார்டுகள் குவிந்து கிடந்தன. முப்பத்தொரு கார்டு வாங்கினேன். எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு கவர் வாங்கி, அதற்குள் தனியாக ஒரு கார்டு வைத்து, அதை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவதாகத் திட்டம். கையெழுத்து வாங்காமல் கொடுக்க முடியாது இல்லையா?

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் நாலாவது படிக்கும்போது என் ரேங்க் கார்டில் விரலை உருட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு வாரம் என் சிலேட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டாள். அதோடு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வந்துவிட்டது. கற்று என்ன பயன்? நான் பள்ளிக்கூடம் முடித்த பிறகு அவள் கையெழுத்தை யாரும் கேட்கவே இல்லை. ரேஷன் கடையில் மிஷினில் விரலை வை, பேங்கில் விரலை வை. அவள் பழையபடி கைநாட்டுக்கே திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் கேபினில் உட்கார்ந்து முப்பத்தொரு கார்டிலும் எழுதினேன். பனி, மணி, கிளைக்கொம்பு மான் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் “பொங்கல் வாழ்த்துகள்.” ஒவ்வொன்றிலும் பஞ்சாயத்தில் வரி போட அடித்த கதவு எண், முழுப் பெயர், பெயருக்கு முன்னால் மறக்காமல் திரு, திருமதி, செல்வி. எழுதி முடித்ததும் சமையல்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் மஞ்சள்தூள் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, நாலு மூலைக்கும் தடவினேன். கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். “உங்கள் ஊரில் கடிதத்தையும் சமைப்பீர்களா?” என்றாள். நல்ல காரியத்துக்கு எங்கள் ஊரில் இப்படித்தான் என்றேன். அவளும் உட்கார்ந்து பத்து கார்டுக்குத் தடவிக் கொடுத்தாள். அன்று ராத்திரி வரைக்கும் எங்கள் இரண்டு பேர் விரலும் மஞ்சளாகவே இருந்தது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி எல்லாவற்றையும் தபாலில் சேர்த்தேன், கவரை மட்டும் ரிஜிஸ்தரில்.

கார்டு கப்பலைவிட மெதுவாகப் போகும் என்பதுதான் இதில் வேடிக்கை. கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒப்பந்தம் முடிந்து நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் காலை பத்து மணி ஆனால் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். “கப்பல்ல நின்னு நின்னு இவளுக்குக் காலு உக்கார மாட்டேங்குது” என்று சித்தி கேலி செய்தாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. தொலைந்துவிட்டதோ, எங்கேயாவது ஈரத்தில் ஊறிப் போயிற்றோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பொங்கல் நெருங்கிவிட்டது.

போகிக்கு முதல் நாள், அம்மா பருத்தி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போன சித்தி எண்ணெய்ப் பாட்டிலோடு வேகமாக வந்தாள்.

“யக்கா, நம்ம தெருப் பேருக்கு ஒரு கட்டுக் கடுதாசி வந்துருக்கு. எல்லாம் மஞ்சத் தடவுனது! எல்லாரையும் கடைக்கு வந்து எடுத்துட்டுப் போவச் சொல்றாரு. உனக்கு மட்டும் ஒரு கவராம். அதுக்கு நீயே வந்து கையி வைக்கணுமாம். தபால்காரரு அங்கதான் உக்காந்து டீ குடிக்கிறாரு.”

அம்மா உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இந்தா, போயிட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டினாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

“நீ போவக் கூடாது.”

“ஏன்டி?”

“நாந்தான் அனுப்புனேன். எல்லாத்துலயும் கதவு நம்பரு போட்டுருக்கேன். வூட்டுல கொண்டாந்து குடுக்கட்டும்.”

“வம்பு வேணாம்டி. பாவம், அந்தாளு காத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“நிக்கட்டும். என் கடுதாசி பதினோரு நாளு நின்னுச்சில்ல?”

“நாளைக்கு அந்தக் கடையிலதானே உப்பு வாங்கணும்?”

“குன்னத்துல உப்பு விக்கலியா? பெரம்பலூருல விக்கலியா?” நான் கத்தியே விட்டேன். இத்தனை துறைமுகம் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்தில் வீணாகப் போகிறது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் அந்தக் கடைக்குப் போய்க் கவரை வாங்கிவிட்டால், இனி எத்தனை கார்டு போட்டும் பிரயோஜனம் இல்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சித்தி கையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“நீ போயி சொல்லு” என்றாள் சித்தியிடம். “கருப்புக் கடுதாசிக்கு வழி தெரிஞ்ச ஆளுக்கு மஞ்சக் கடுதாசிக்கும் வழி தெரியும். நான் வூட்டுலதான் இருக்கேன்னு சொல்லு.”

இப்படி ஒரு பதில் அவளிடம் இருக்கிறது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சித்திக்கு ஒரே குஷி. சொல்லிவிட்டு வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப்பார்த்துச் சேதியைப் பரப்பிவிட்டாள். அன்றைக்குப் பருத்திக்கு யாரும் போகவில்லை. கடைக்கும் யாரும் போகவில்லை. முப்பத்திரண்டு வீட்டு வாசலிலும் ஆள் உட்கார்ந்திருந்தது.

பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அப்புறம் தெருமுனையில் டிவிஎஸ் சத்தம் கேட்டது.

முதல் வீட்டில் வண்டியை நிறுத்தினார். கட்டைப் பிரித்து, கார்டைத் தூக்கிப் பிடித்து, ஒருதரம் கனைத்துக்கொண்டு, “திருமதி” என்று ஆரம்பித்து அந்த அக்காவின் முழுப்பெயரையும் படித்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டைத் தவிர தெருவில் வேறு யார் பெயரும் அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. யார் எந்த வீடு என்று கேட்டுக் கேட்டு நடந்தார். “யம்மாடி, நான் திருமதியாம்ல!” என்று ஒருத்தி புருஷனைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “இது என்னா மாடு, கொம்பு கிளை கிளையா இருக்கு?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். “கப்பல்ல வர்ற மாடு அப்படித்தான் இருக்கும், வாங்கி வையி” என்றார் பெரியப்பா. தெருவே சிரித்தது. பாதித் தெரு வந்ததும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்க சார்” என்று நீட்டினார்கள். வாங்கி முழுசும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

எங்கள் வீடு கடைசி. அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் கவரை எடுத்து, அம்மா பெயரைப் படித்து, ஒரு தாளையும் நீல மைப் பெட்டியையும் சேர்த்து நீட்டினார்.

“பேனா குடுங்க” என்றாள் அம்மா.

அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அம்மா தாளைச் சுவரில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். நடுவில் ஓர் எழுத்து வராமல் நின்று யோசித்தாள். நான் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். “இரு, எனக்குத் தெரியும்” என்றாள். உச்சி வெயிலில் அவர் காத்துக்கொண்டு நின்றார். கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்துவிட்டு அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. சந்தோஷத்தில்தான். வெட்கமெல்லாம் படவில்லை.

கவரைப் பிரித்தாள். உள்ளே இருந்த கார்டில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். “அம்மா, உன் கையில் வாங்கினாயா?”

என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிவிஎஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள்.

“சார்” என்று கூப்பிட்டாள். சாமி என்று சொல்லவில்லை. “கடையில எம்மவ அனுப்புன கார்டு ஆறு தொங்குது. எம்பேருதான் போட்டுருக்கு. நாளைக்கு வரும்போது அதையும் எடுத்துட்டு வந்துடுங்க. நான் வூட்டுலதான் இருப்பேன்.”

தெரு மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

“சரிங்கம்மா” என்றார்.